கிருமியை விட்டுவிட்டு நோயாளியை விரட்டலாமா?

மும்பையில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழர் ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து கொள்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். ஊரில் அக்காள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? திருநெல்வேலிச் சீமைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். திங்கட்கிழமை டயாலிசிஸை முடித்துக் கொண்டு வண்டி ஏறினால், புதன்கிழமை ஊரில் இறங்கிய கையோடு அடுத்த டயாலிசிஸ் ஆக வேண்டும். ஊருக்குப் பக்கத்து டவுனில் இருக்கும் மையத்துக்கு டெலிபோன் செய்து கேட்டால், அவர்கள் முதலில் கேட்பது பணத்தைப் பற்றியல்ல. "வைரல் மார்க்கர் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்பதைத்தான் கேட்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று வைரஸ் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனைக்குத்தான் இந்தப் பெயர். மூன்றும் 'நெகட்டிவ்' என்றால் படுக்கை கிடைக்கும். ஏதாவது ஒன்று 'பாசிட்டிவ்' என்று இருந்துவிட்டால், "அதற்குத் தனி மெஷின் எங்களிடம் இல்லை" என்று பதில் வரும். தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் நடக்கும். சரி, நெகட்டிவ் என்று போய்விட்டு வந்தவருடைய கதியாவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. மும்பைக்குத் திரும்பியதும் அவருடைய சொந்த மையமே அவரைச் சந்தேகத்துடன் பார்க்கிறது. வெளியூரில் எந்த மெஷினில் படுத்து வந்தாரோ என்று மறுபடியும் பரிசோதனை செய்து கொண்டு வரச் சொல்கிறது.

இரண்டு மையங்களும் கேட்பது நியாயந்தானே என்று தோன்றலாம். பரிசோதனை கேட்பதில் தவறே இல்லை. கேட்காத மையத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கிருமிகள் டயாலிசிஸ் நோயாளிக்கு எங்கிருந்து வருகின்றன? சிலருக்கு முன்பே இருந்திருக்கலாம். மற்றப் பலருக்கு அவை சிகிச்சை நடக்கும் இடத்திலேயே, சிகிச்சை செய்யும் கைகளின் வழியாகவே, அல்லது ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாகவே வருகின்றன. கிருமியைக் கொடுத்த இடம் மார்தட்டிக் கொண்டு நிற்க, வாங்கியவர் வாசலில் நிற்கிறார். அநியாயம் இங்கேதான் இருக்கிறது.

டயாலிசிஸில் நடப்பது என்ன என்று தெரிந்தால் இது எளிதில் விளங்கும். கையில் உள்ள 'ஃபிஸ்டுலா'வில் இரண்டு ஊசிகளைக் குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை வெளியே இழுத்து, வடிகட்டியில் ஓடவிட்டு, மற்றொன்றின் வழியாகத் திருப்பி உள்ளே விடுகிறார்கள். நிமிஷத்துக்கு 250 மில்லி லிட்டர் என்று கணக்கு வைத்தால், 4 மணி நேரத்தில் 60 லிட்டர் ரத்தம் வெளியே போய் வருகிறது. உடம்பில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். ஆக, உள்ள ரத்தம் அத்தனையும் ஒரே நாளில் பன்னிரண்டு தடவை உடம்புக்கு வெளியே சுற்றி வருகிறது! வாரம் மூன்று தடவை, வருஷத்துக்கு நூற்றைம்பது தடவை, ஆயுள் முழுவதும். அந்த மெஷினில் காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், மாலையில் ஒருவர். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுக்கிறார். இதற்கு நடுவே ஒரு துளி ரத்தம் எங்கே சிந்தியது, எந்தக் கை அதைத் தொட்டது, அந்தக் கை அடுத்து எதைத் தொட்டது என்பதுதான் விஷயம்.

இது இன்று நேற்று முளைத்த பிரச்னை அல்ல. 1943-ல் ஹாலந்து நாட்டில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செயற்கைச் சிறுநீரக யந்திரத்தை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக் குழாய் பழுதாகும் என்பதால், நீண்ட காலம் அந்தச் சிகிச்சையைத் தொடர முடியவில்லை. 1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகர டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் வழியைக் கண்டார். அதன் பிறகுதான் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் வருஷக் கணக்கில் உயிர் வாழ முடியும் என்ற நிலை வந்தது. கூடவே மஞ்சள் காமாலையும் வந்தது.

1960-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டயாலிசிஸ் வார்டுகளில் காமாலை பரவியது. 1969-70-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பரவியபோது நோயாளிகள் மட்டுமல்ல, அவர்களுக்குச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரி ஊழியர்களும் இறந்தார்கள். வைத்தியம் செய்யப் போனவர்களே மாண்ட பிறகுதான் உலகம் விழித்தது என்று சொன்னால் மிகையாகாது. 1972-ல் பிரிட்டனில் ரோஸன்ஹைம் பிரபுவின் கமிட்டி விதிமுறைகளை வகுத்தது. 1977-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் அவ்வாறே செய்தது. ஒவ்வொரு நோயாளியையும் ஒழுங்காகப் பரிசோதிப்பது, ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இடமும் தனி மெஷினும் ஒதுக்குவது, ஒருவருக்குப் பயன்படுத்திய சாமானை இன்னொருவருக்குக் கொண்டு போகாமல் இருப்பது, நோயாளிக்கு நோயாளி கையுறை மாற்றுவது, கை கழுவுவது, மெஷினின் வெளிப்புறத்தைத் துடைப்பது. இவ்வளவுதான். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1980-களின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, அந்த நாடுகளின் டயாலிசிஸ் மையங்களில் புதிதாகத் தொற்று ஏற்படுவது பெருமளவு குறைந்துவிட்டது. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. கை கழுவியதும் கையுறை மாற்றியதும் ஆளைப் பிரித்து வைத்ததுமே அதைச் சாதித்தன. "நம் நாட்டில் அதற்கெல்லாம் வசதி ஏது?" என்று கேட்பவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். கை கழுவுவதற்கு வசதி இல்லாத ஆஸ்பத்திரி எதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துக் கொள்ள வேண்டும்?

பொதுவாக மக்கள் நினைப்பது மெஷினுக்குள் கிருமி ஒட்டிக் கொண்டிருக்கும் என்று. உண்மையில் ரத்தம் மெஷினுக்குள் போவதே இல்லை. வெளியே தொங்கும் குழாயிலும் வடிகட்டியிலும்தான் ஓடுகிறது. ஆபத்து வெளியில்தான் அதிகம். ரத்தம் உறையாமல் இருப்பதற்கு ஹெப்பாரின் என்ற மருந்து கொடுக்கிறார்கள். ஒரே பாட்டிலிலிருந்து நாலைந்து பேருக்கு எடுப்பதும், அந்தப் பாட்டிலைத் தட்டில் வைத்துக் கட்டில் கட்டிலாகக் கொண்டு போவதும் பல இடங்களில் நடக்கிற காரியம். எங்கேயோ ஒரு தடவை பழைய ஊசி அந்தப் பாட்டிலுக்குள் போய்விட்டால் போதும். அதே போல, ஒரு நோயாளியின் ஊசியைப் பிடுங்கிவிட்டு அதே கையுறையுடன் அடுத்த மெஷினின் பொத்தானை அழுத்தினால் போதும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்துபோன ரத்தக் கறையில், கண்ணுக்குத் தெரியாத அளவு கறையில்கூட, 7 நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. ஹெபடைடிஸ் சி கிருமிக்கும் சில நாள் தாக்குப் பிடிக்கும் சக்தி உண்டு. எச்.ஐ.வி. இவ்விரண்டையும்விடச் சோனி. என்றாலும் கவனக்குறைவு மிகுந்தால் அதுவும் பரவும். 2024-ல் பாகிஸ்தானின் முல்தான் நகரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்து கொண்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நாடு அப்படி என்று சிரிக்க வேண்டாம். 2009-ல் குஜராத்தின் மொடாசாவில், டயாலிசிஸ்கூட அல்ல, சாதாரண ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தது இந்த நாட்டில்தான்.

டெக்னீஷியன்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு ஷிஃப்டு முடிந்து அடுத்த ஷிஃப்டு ஆரம்பிக்கிற அந்த அரை மணி நேரத்தை ஒரு மையத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஊசி எடுத்து ரத்தம் நிற்க அழுத்திப் பிடிக்கிறார்கள். இன்னொருவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. மூன்றாமவர் எடை பார்க்கிறார். வெளியே நான்காமவருடைய மகன், "எங்கப்பாவுக்கு நேரமாச்சு" என்று சத்தம் போடுகிறார். இத்தனைக்கும் இரண்டு பேர். அவர்கள் கையுறை மாற்ற மறந்தால் அது அவர்களுடைய பாவம் மட்டுந்தானா? ஒரு டயாலிசிஸுக்கு இத்தனை ரூபாய் என்று யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம் கொடுத்தால், ஒப்பந்தக்காரர் எதில் மிச்சம் பிடிப்பார்? கரண்ட் பில்லில் பிடிக்க முடியாது. ஆளில் பிடிப்பார், கையுறையில் பிடிப்பார், வடிகட்டியைக் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதில் பிடிப்பார்.

வடிகட்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதே நோயாளிக்கு, முறைப்படி கழுவி, மருந்து ஊற்றி வைத்து, பெயர் எழுதி மீண்டும் பயன்படுத்தினால் அது தவறல்ல. ஏழை நாட்டில் அது பலருக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் பெயர்ச் சீட்டு கிழிந்துபோன வடிகட்டி, ஒரே தொட்டியில் எல்லாருடைய வடிகட்டியும் என்றால் நிலைமை வேறு. ஹெபடைடிஸ் பி உள்ளவருடைய வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்தவே கூடாது என்பது சர்வதேச விதி. வீட்டுக்காரர்கள் ஒரு நாள் அந்தக் கழுவும் அறையை எட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். "உள்ளே வரக் கூடாது" என்று சொன்னால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும்.

காமாலை வந்தால் கண் மஞ்சளாகுமே, தெரியாமலா போகும் என்று பலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. சிறுநீரகம் கெட்டதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மங்கிப் போயிருக்கிறது. கிருமி வந்தது கூடத் தெரியாமல் உள்ளே தங்கிவிடுகிறது. நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிரந்தரமாகத் தங்கும். மற்றவர்கள் தாமாகவே குணமாகிவிடுவார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிலோ பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் தங்கிவிடுகிறது. பல வருஷம் கழித்து ஈரல் சுருங்கும்போதோ புற்றுநோயாகும்போதோதான் தெரியவரும்.

ஊரில் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது வழக்கம். தாராவியிலும் அந்த வைத்தியம் நடக்கிறது. தண்ணீரினாலும் உணவினாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற காமாலைகள் பெரும்பாலும் எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் குணமாகக் கூடியவை. அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தத்தின் வழியே வரும் பி-யும் சி-யும் அந்த ஜாதி அல்ல. தவிர, பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடக் கூடிய நிலையில் இருப்பவருக்கு, கண்ட கஷாயத்தையும் பச்சிலைச் சாற்றையும் டாக்டரைக் கேட்காமல் கொடுப்பது பெரிய விபரீதத்தில் கொண்டுபோய் விடும்.

இனி ஒவ்வொரு கிருமியாகப் பார்த்தால், நிலைமை இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைப் போல் இல்லை என்பது விளங்கும். மையங்களின் மனப்பான்மைதான் இன்னும் பழைய இடத்தில் நிற்கிறது.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. ஒரு காலத்தில் அது பணக்காரர் ஊசி. 1997-ல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்ட பிறகு விலை மளமளவென்று இறங்கியது. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசே போடுகிறது. அதற்கு முன் பிறந்து இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களை யாரும் கூப்பிட்டுப் போடவில்லை. இவர்களில் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குத்தான் சிறுநீரகம் கெடுகிறது. கெட ஆரம்பித்து டயாலிசிஸ் வரை போவதற்குப் பெரும்பாலும் சில வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களில் போட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு போட்டால், இரட்டை அளவாக நான்கு தடவை போட்டும் பலருக்குப் பிடிப்பதில்லை. பிடித்ததா இல்லையா என்று கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. எத்தனை பேருக்கு இது நடக்கிறது? ஊசி போட்டாயிற்று என்று ஃபைலில் டிக் அடிப்பதோடு சரி. கிரியாட்டினின் ஏறுகிறது என்று முதல் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர், உப்பைக் குறை என்று சொல்லும் அதே மூச்சில் இந்த ஊசியையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத டாக்டர்கள் ஏராளம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஊசி போட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் ரத்தம் கொடுத்தால், ஊசி மருந்தே பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று காட்டக் கூடும். அதை வைத்துக் கொண்டு ஒருவரைப் பாசிட்டிவ் மெஷினுக்கு மாற்றினால், இல்லாத நோயை இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் விடுவதாகும்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. அந்தக் கிருமி இன்னதென்று தெரிந்ததே 1989-ல்தான். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் அது இருந்ததா என்று பார்க்க வழியே கிடையாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகை கூடவே இருக்கும் என்பதால் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. எரித்ரோபாய்ட்டின் ஊசி வந்தபின் ரத்தம் ஏற்றுவது குறைந்தது. இன்றும் அந்த ஊசிக்குப் பணம் இல்லாதவர்தான் ரத்தம் ஏற்றிக் கொள்கிறார். புதிதாகக் கிருமி வந்தவரின் ரத்தம் சாதாரணப் பரிசோதனையில் சில வாரங்களுக்கு நெகட்டிவ் என்றே காட்டும். கிருமியையே நேராகக் கண்டுபிடிக்கும் உயர்ந்த பரிசோதனை எல்லா ரத்த வங்கியிலும் இல்லை.

ஆனால் இந்தக் கிருமிக்கு இன்று மருந்து இருக்கிறது. 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பூரண குணம். டயாலிசிஸ் நோயாளிகளும் சாப்பிடலாம். 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, பரிசோதனையும் மருந்தும் இலவசம். இப்படியிருக்க, குணமாக்கக் கூடிய நோயை வைத்துக் கொண்டே பல வருஷம் 'சி மெஷினில்' படுத்துக் கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். மையமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

இதைவிடக் கொடுமை, குணமானவரையும் பாசிட்டிவ் என்றே நடத்துவது. சாதாரணப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல; கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்து கொண்டே இருக்கும். ஆகவே அந்த ரிப்போர்ட் ஆயுள் முழுவதும் பாசிட்டிவ் என்றே வரும். ஆர்.என்.ஏ. பரிசோதனை என்று கேட்டுச் செய்து கொண்டால்தான் கிருமி இல்லை என்பது தெரியும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் வெளியூரில் வாதாடலாம். இந்த வித்தியாசம் தெரியாத மைய நிர்வாகிகள் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு.

ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும், சுத்த விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் தனி மெஷின் அவசியமில்லை என்றே சர்வதேசச் சிறுநீரக மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. இந்தியாவில் பல மையங்கள் அதற்கும் சேர்த்துத் தனி மெஷின் வைக்கின்றன. கூட்டமும் அவசரமும் உள்ள இடத்தில் அது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் தனி மெஷின் வைப்பது ஒன்று. "மெஷின் இல்லை, போய் வா" என்பது வேறு. முன்னது முன்ஜாக்கிரதை. பின்னது, இரண்டு மூன்று நாளில் மூச்சு முட்டிச் சாகக் கூடிய ஒருவரைத் தெருவில் விடுவது. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம், அந்தக் காரணத்துக்காகச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டுமே. ஹெபடைடிஸ் நோயாளிக்கும் அதே பாதுகாப்பைக் கொடுப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்?

"எல்லாம் சரி, பாசிட்டிவ் ஆளை அனுமதித்து மற்ற பத்துப் பேருக்கு வந்துவிட்டால்?" என்று மையங்கள் கேட்கின்றன. ரிப்போர்ட் காட்டி வருபவரால் அந்த ஆபத்து குறைவு. எல்லாருக்கும் தெரிகிறது, எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். ரிப்போர்ட் நெகட்டிவ் என்று இருக்க, கிருமி புதிதாக உள்ளே வந்திருப்பவரால்தான் பெரிய ஆபத்து. அவரை எந்தப் பரிசோதனையும் வாசலில் தடுக்காது. கையுறையும் கை கழுவுவதும்தான் தடுக்கும். பாசிட்டிவ் ஆளை விரட்டினால், அடுத்த மையத்தில் அவர் ரிப்போர்ட்டை மறைக்கப் பார்ப்பார். உயிர் ஆசை யாரை விட்டது? விரட்டுவதனால் கிருமி ஒழிவதில்லை, ஒளிந்து கொள்கிறது.

வெளிமாநிலத்தில் பிழைக்கப் போன தமிழர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்து கொள்கிறது. ரேஷன் கார்டு ஊரில், ஆள் மும்பையில். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு; அதற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். மகாராஷ்டிர அரசின் மகாத்மா புலே ஜன ஆரோக்கியத் திட்டத்திலும் உண்டு. அதற்கு அந்த மாநிலத்து அத்தாட்சி வேண்டும். முப்பது வருஷம் தாராவியில் இருந்தும் இரண்டும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. 2016-17 மத்திய பட்ஜெட்டில், நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பதாகவும், அதனால் ஆண்டுக்குக் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ் தேவைப்படுவதாகவும் சொல்லி, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார்கள். மையங்கள் பெருகியிருப்பது உண்மை, நல்ல காரியமும்கூட. ஆனால் எண்ணிக்கையைக் காட்டும் அதே பலகையில், அந்த மையத்தில் சென்ற வருஷம் எத்தனை பேர் நெகட்டிவாக வந்து பாசிட்டிவாக மாறினார்கள் என்பதையும் எழுதி வைக்கட்டுமே! ஒரு மையத்தின் யோக்கியதையை அளக்க அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. அப்படி ஒரு கணக்கை அரசு கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்; ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதைப் பார்க்க வேண்டும்.

மும்பையில் தர்ம ஸ்தாபனங்கள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் டயாலிசிஸ் மையங்கள் ஏராளம். அவற்றை நம்பியே ஆயிரக்கணக்கான ஏழைகள் உயிர் வாழ்கிறார்கள். தர்மத்துக்குச் செய்கிற இடத்தில் கையுறையை மாற்றச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு நா எழுவதில்லை. கொடுக்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற கூச்சம். மாட்டுக்குப் பொருந்துவது ரத்தத்துக்குப் பொருந்தாது. "அண்ணே, கையுறையைக் கொஞ்சம் மாத்திக்கிடுங்க" என்று தன்மையாகக் கேட்டால் கோபிக்கிற டெக்னீஷியன்கள் குறைவே. மராத்தியோ இந்தியோ சரியாக வராதவர்கள், மகனையோ மகளையோ விட்டுக் கேட்கச் சொல்லலாம்.

வீட்டிலேயே வயிற்றில் திரவம் விட்டு எடுக்கும் பெரிட்டோனியல் டயாலிசிஸில் இந்த ரத்தத் தொற்று பயம் மிகவும் குறைவு. மெஷினும் இல்லை, பக்கத்துக் கட்டிலும் இல்லை. வேலைக்குப் போய் வருபவர்களுக்கு உகந்தது. ஆனால் திரவப் பைகளை மாதக் கணக்குக்கு அடுக்கி வைக்க இடம் வேண்டும், சுத்தமான மூலை ஒன்று வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்திடம் அதை எப்படிச் சொல்வது?

2020-ல் கொரோனா வந்தபோது இந்த நோயாளிகள் பட்ட பாடு தனிக் கதை. ஒருவருக்குத் தொற்று என்று மையத்தையே மூடினார்கள். மூடியதால் மற்றவர்களுக்கு டயாலிசிஸ் தவறியது. எல்லாரும் வீட்டில் இருங்கள் என்றபோது, வாரம் மூன்று நாள் கட்டாயம் வெளியே வந்தாக வேண்டியிருந்தவர்கள் இவர்கள். 2021 மார்ச்சில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஊசி போட்டது ஒரு நல்ல முன்மாதிரி. ஒரு கிருமிக்கு அப்படி ஆள் தேடி ஊசி போட முடிந்ததென்றால், ஹெபடைடிஸ் பி-க்கு ஏன் முடியாது?

அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் தமிழ்ச் சங்கங்களும் ஊர்க்காரர் சங்கங்களும் செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. பொன்னாடைக்கும் மேளதாளத்துக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். எந்தப் பேட்டையில் எந்த டயாலிசிஸ் மையம் இருக்கிறது, பாசிட்டிவ் நோயாளிகளுக்கு எங்கே தனி மெஷின் உண்டு, ஊரில் திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம் பக்கங்களில் வெளியூர் நோயாளியை எந்த மையம் ஏற்கிறது, என்ன ரிப்போர்ட் எத்தனை நாளைக்குள் எடுத்தது கேட்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்து வைத்தால், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போக வேண்டியவர்கள் அலைய வேண்டியிராது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கும், வாரந்தோறும் அவர்களோடு போய் உட்கார்ந்திருக்கும் மனைவி மக்களுக்கும் ஒரு தடுப்பூசி முகாம் நடத்தலாம். ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய டாக்டர் புளூம்பெர்க்கின் பிறந்த நாள் அது. அன்று முதல் ஊசி என்றால் ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. நான்காவது ஊசி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிடும் ஜனவரிக் கடைசியில் விழும்.